தொட்டால் பேசும் ஊர்

வதோதரா
12.1.2015

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமரை எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீ, அண்ணி, அபி எல்லோரும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே. போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் "சரி சரி, ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறாய். போன வாரம் அப்படி நீ வைத்தது உன் வார விடுமுறை நாளில். அண்ணிதான் பிறகு சொன்னார்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது.

விஷயம் இதுதான். சுரங்கத்துக்காக இடம்பெயர்ந்த நம் புங்கங்கொல்லையை ஒரு பெரிய துணியில் தைக்கப் போகிறேன். இருபது அடி நீளம். ஒவ்வொரு வீட்டையும் நூலால் தைப்பேன். வீட்டைத் தொட்டால் அதில் வாழ்ந்தவர்களின் குரல் பேசும்; கம்பியும் ஒலிபெருக்கியும் துணிக்குப் பின்னால் இருக்கும். இங்குள்ள ஒரு கலை மையம் உதவ ஒப்புக்கொண்டுவிட்டது. அடுத்த ஆண்டு அதை நெய்வேலியிலேயே அந்த ஊர் ஜனங்கள் முன்னால் வைக்க வேண்டும்.

ஊர் போனது எண்பத்து நான்கில். நான் பிறந்தது அடுத்த வருஷம், காடாம்புலியூரில். நான் பார்க்காத ஊர். உனக்கு அப்போது பதினோரு வயது. ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைப் பார்சலில் அனுப்புகிறேன். ஊர்க்காரர்களைத் தேடிப் போய்ப் பேச வை. மறுக்காதே.

அன்புத் தங்கை,
செந்தாமரை


நெய்வேலி, 18ஆம் பிளாக்
2.2.2015

அன்புள்ள தாமரைக்கு,

இளவழகன் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். அம்மாவுக்கு வலி குறையவில்லை, ஆனால் வலியைப் பற்றிப் பேசுவது குறைந்திருக்கிறது. அபி ஒன்பதாவது முழுப் பரீட்சைக்குப் படிக்கிறாள், அல்லது படிப்பதாகச் சொல்கிறாள்.

கருவி வந்தது. அதன் தலையில் பூனை முடி மாதிரி ஒன்றை மாட்டி அனுப்பியிருக்கிறாய். பிரிக்கும்போது உன் அண்ணி பயந்து கத்தியதில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் ஓடி வந்துவிட்டார். பதினான்கு பொத்தான்கள் இருக்கின்றன. சுரங்கத்தில் மைல் கணக்கில் ஓடும் கன்வேயரை நிறுத்த எனக்கு ஒரே பொத்தான்தான்.

உனக்குச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. முப்பது வருஷம் ஆகிவிட்டது. அந்த இடத்தில் இன்று வானம் பார்த்த பெரிய பள்ளம் இருக்கிறது. அங்கிருந்தவர்கள் வேறு வேறு இடத்தில் வீடு கட்டி, பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். இப்போது போய் "நீங்கள் எந்தத் தெரு?" என்று ஒவ்வொருவராகக் கேட்கச் சொல்கிறாயே, கேட்கப்போவது நீயா நானா?

இருந்தாலும் என் ஷிப்டில் துரைராஜ் என்று ஒருவன் இருக்கிறான். புங்கங்கொல்லைதான். எனக்குப் பன்னிரண்டு வருஷப் பழக்கம். அவன் அப்பா ஜெயராமன் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அங்கிருந்து தொடங்குகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்,
இளவழகன்


வதோதரா
20.2.2015

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சௌக்கியம், இருமல் மட்டும் விடவில்லை. அங்கே அனைவரும் நலமாக இருக்க வேண்டும்.

பதினான்கில் உனக்குத் தேவை இரண்டு. சிவப்பை அழுத்தினால் ஓடும், கறுப்பை அழுத்தினால் நிற்கும். சிவப்பையே இரண்டு முறை அழுத்தினால் நிற்காது, ஓடிக்கொண்டுதான் இருக்கும். இதை மறந்துவிடாதே.

ஜெயராமன் என்பவரிடம் எடு. ஆனால் முதல் ஆள் அம்மாதானே? அம்மாவை வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஏன் துரைராஜ் வீட்டிலிருந்து தொடங்குகிறாய்? நம் தெருக்காரர்கள் காடாம்புலியூரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்! வீராயி அத்தை இருக்கிறாள். அரசாங்க நில வரைபடத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. ஊர்த் தெருக்கள் ஒவ்வொன்றும் அதில் உண்டு. நம் தெரு இருந்த இடம் வெறும் காகிதம். பட்டா இல்லாதவர்களுக்குக் கோடு கூடப் போடவில்லை. அங்கே நான் தைக்க வேண்டும் என்றால் அம்மா பேச வேண்டும்.

மார்ச் கடைசிக்குள் அனுப்பு.

தங்கை,
தாமரை


நெய்வேலி
5.4.2015

அன்புள்ள தாமரைக்கு,

அனைவரும் சுகம். உன் இருமலுக்கு அண்ணி ஓமம் போட்டுக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்கிறாள்.

மார்ச் கடைசி என்றாய். ஆளில்லாமல் இரண்டு வாரம் தொடர்ந்து டபுள் ஷிப்ட் பார்த்தேன். பிறகு கருவிக்கு பேட்டரி தீர்ந்தது. அந்த அளவு பேட்டரிக்குப் பண்ருட்டி வரை போய் வந்தேன். போன இடத்தில் பலாப்பழம் வாங்கி, பஸ்ஸில் அதற்கும் எனக்கும் சேர்த்து ஒரே சீட். இதையெல்லாம் உன் கலை மையத்தில் சொல்.

ஏழு பதிவுகள் அனுப்புகிறேன். ஏழு பேரும் நன்றாகப் பேசினார்கள். கோயில், தேர், கரும்பு ஆலை, பள்ளிக்கூட வாத்தியார் என்று எல்லாம் வருகிறது. ஏழாவது ஜெயராமன். இது போதும் என்று நினைக்கிறேன்.

அபி பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாளாம். வெயில் ஆரம்பித்துவிட்டது.

அண்ணன்,
இளவழகன்


வதோதரா
28.4.2015

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். ஓமம் வேலை செய்தது என்று அண்ணியிடம் சொல்.

ஏழையும் கேட்டேன். இரண்டாவதில் குக்கர் ஏழு முறை விசில் அடிக்கிறது. நான்காவதில் பேசுகிறவரை விட நீ அதிகமாகப் பேசுகிறாய். போகட்டும்.

ஏழு பேரும் ஊர்த் தெருக்காரர்கள். அம்மா இல்லை, வீராயி அத்தை இல்லை. ஏன் என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

ஏழாவதில் "டீ குடிப்பா" என்று பெரியவர் சொன்ன பிறகு இன்னும் பதினோரு நிமிடம் ஓடுகிறது. நீ சிவப்பை இரண்டு முறை அழுத்தியிருக்கிறாய். அந்தப் பதினோரு நிமிடத்தை நான் நான்கு முறை கேட்டேன். அதைப் பற்றி நீயே எழுதுவாய் என்று காத்திருக்கிறேன்.

தாமரை


நெய்வேலி
25.5.2015

அன்புள்ள தாமரைக்கு,

இங்கே அனைவரும் நலம். கத்திரி வெயில். குழாயில் தண்ணீர் காலை ஒரு மணி நேரம்தான் வருகிறது. அம்மாவுக்குக் கண்புரை என்று டாக்டர் சொன்னார், அடுத்த மாதம் எடுத்துவிடலாம். வீட்டு முருங்கை இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. அபிக்குப் பத்தாவது வகுப்புப் புத்தகம் வந்துவிட்டது.

ஏழாவதில் கடைசிப் பகுதி வேலைக்கு ஆகாது. அழித்துவிடு.

இளவழகன்


வதோதரா
22.6.2015

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அம்மாவுக்கு அறுவை நல்லபடி முடிந்தது என்று அண்ணி சொன்னார்கள். நிம்மதி.

துணியில் பாதி முடிந்துவிட்டது. போன வாரம் மையத்தில் ஒரு முன்னோட்டம் வைத்தோம். டெல்லியிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். ஒருவர் அழுதேவிட்டார். எதைக் கேட்டு என்று நேரில் சொல்கிறேன். நெய்வேலிக் கண்காட்சி பிப்ரவரியில் என்று முடிவாகிவிட்டது. சமுதாயக் கூடம் கிடைக்குமா என்று விசாரித்து எழுது.

தங்கை,
தாமரை


நெய்வேலி
3.8.2015

தாமரைக்கு,

உடம்புக்கு எல்லோரும் சுகம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அபி போனை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினாள். "அத்தையோட வீடியோ போட்டுருக்காங்கப்பா. இதுல பேசறது நீதான?" என்று கேட்டாள்.

ஓட விட்டாள். உன் துணி. அதில் ஒரு வீட்டை யாரோ தொடுகிறார்கள். ஜெயராமன் பேசுகிறார்.

"அந்தாண்ட ஒரு தெரு இருந்துது. நம்ம கொல்லையில வேல செய்யிறவங்க. எங்க போனாங்கன்னே தெர்ல. நீ எந்த ஊருப்பா?"

"பண்ருட்டிங்க."

"பண்ருட்டியில எங்க?"

"ரயிலடி கிட்டங்க."

"அப்பிடியா? எதுக்குக் கேக்கறேன்னா, அந்தத் தெருவுல கலியன்னு ஒருத்தன் இருந்தான். நல்ல வேலக்காரன். மூக்கு அப்பிடியே உன்னாட்டம் இருக்கும். தெரியுமா?"

"தெரியாதுங்க."

"கலியன், மாணிக்கம்மான்னு பொண்டாட்டி..."

"தெரியாதுங்க."

அதோடு கைதட்டல். கீழே ஆங்கிலத்தில் ஏதோ எழுத்து. அபி படித்துத் தமிழில் சொன்னாள், அவளுக்கு ஆங்கிலம் நன்றாக வரும்: "தகப்பனை மறுக்கும் மகன்."

பிறகு என்னைப் பார்த்து, "ஏம்ப்பா தாத்தாவத் தெரியாதுன்ன?" என்றாள்.

அழித்துவிடு என்று எழுதினேனா இல்லையா? மூன்று சொல்தான் தாமரை, "வேலைக்கு ஆகாது. அழித்துவிடு." அதைப் படிக்க உனக்குத் தமிழ் மறந்துவிட்டதா?

கேள். கான்ட்ராக்டில் நான் இங்கே சேர்ந்த முதல் வாரம் துரைராஜ் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டு "எந்த ஊரு?" என்றான். பண்ருட்டி என்றேன். அவன் தன் குழம்பை என் சோற்றில் ஊற்றினான். ஒரு பொய், அவ்வளவுதான். மறுநாள் மாற்றிச் சொல்ல முடியுமா? அதன் மேல் பன்னிரண்டு வருஷம் ஏறிவிட்டது. அவன் வீட்டு விசேஷத்தில் நான் பந்தி பரிமாறியிருக்கிறேன். இந்த டவுன்ஷிப்பில் எல்லா ஜில்லாக்காரனும் இருக்கிறான், பிளாக் நம்பர் சொன்னால் போதும், தெருவை யாரும் கேட்பதில்லை. கேட்காத ஒரே இடத்தை நான் தேடிப் பிடித்தேன். நீ மிஷினைக் கொடுத்துக் கேட்கச் சொன்னாய்.

அப்பா செத்தபோது தோளில் தூக்கினவன் நான். நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய், மறுநாள்தான் வந்தாய். உன் டெல்லிக்காரர்களுக்கு இதைச் சொன்னாயா?

அபியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய்க் கையோடு சொல்லி முடித்தேன். கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. பொய் சொன்னதற்கா, இத்தனை நாள் அவளிடம் மறைத்ததற்கா, தெரியவில்லை.

கூடம் விசாரிக்கவில்லை.

இளவழகன்


வதோதரா
19.11.2015

அன்புள்ள அண்ணனுக்கு,

அங்கே மழை பயங்கரம் என்று டிவியில் பார்க்கிறேன். அண்ணியிடம் போனில் விசாரித்தேன், குவார்ட்டர்ஸுக்குள் தண்ணீர் வரவில்லை என்றார்கள். நீ ஷிப்டுக்குப் பத்திரமாகப் போய் வா. நான் உடம்புக்கு நலம்.

இதற்கு முன் ஐந்து கடிதம் எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் முதலில் மன்னிப்புக் கேட்டு, பிறகு என் பக்க நியாயத்தைச் சொல்லியிருந்தேன். இதில் நியாயம் எழுதவில்லை.

நீ அழிக்கச் சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்துதான் வைத்துக்கொண்டேன். நான் சேகரித்ததிலேயே உயிருள்ளது அதுதான் என்று தோன்றியது. யார் உயிர் என்று யோசிக்கவில்லை. வீடியோவை எடுக்க வைத்துவிட்டேன். அதற்கு மையத்தோடு ஒரு மாதம் சண்டை போட்டேன், அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

இங்கே நான் எந்தத் தெரு என்று சொன்னால் எழுந்து நின்று கேட்கிறார்கள். அப்படிச் சொல்லித்தான் பெயர் வாங்கியிருக்கிறேன். எனக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லை, நான் யார் பக்கத்திலும் உட்கார்ந்து குழம்பு ஊற்றிக்கொள்ள வேண்டியதில்லை. அதே தெருவைச் சொல்லிவிட்டு நீ மறுநாள் அதே பஸ்ஸில் ஏற வேண்டும். இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கண்காட்சி வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். உன் குரல் எப்படியும் இருக்காது. நம் தெரு வேண்டாம் என்றால் அந்த இடம் வெறும் துணியாகவே இருக்கட்டும். நீ சொல்வதுதான்.

தங்கை,
தாமரை


நெய்வேலி
8.1.2016

தாமரைக்கு,

நலம். மழையில் சுரங்கத்துக்குள் தண்ணீர் இறைத்தே டிசம்பர் போய்விட்டது.

நான் "வேண்டாம்" என்று எழுதத்தான் இருந்தேன். ஆனால் உன் மருமகள் விட மாட்டேன் என்கிறாள். பத்தாவது பரீட்சையை வைத்துக்கொண்டு அம்மாவோடு உட்கார்ந்து நோட்டில் வீடு வீடாக வரைகிறாள். "ஆயா, இதுக்கு அடுத்த வூடு யாரோடது?" என்று ஒரே நச்சரிப்பு. நாற்பத்தொரு வீடு வந்துவிட்டது. உன் கருவியையும் அவளே எடுத்து அம்மாவைப் பதிவு செய்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. இந்தக் குடும்பத்தில் பெண்கள் யாரும் என்னைக் கேட்பதில்லை.

நோட்டின் நகலும் பதிவும் இதோடு இருக்கின்றன. வெறும் துணியாக விட்டால் நாற்பத்தொரு வீட்டுக்காரர்களுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். தைத்துவிடு. அப்பா பெயரைச் சரியாகப் போடு.

துரைராஜிடம் முன்னாலேயே நானே சொல்லிவிடுவேன். கூடத்துக்குச் சொல்லியாயிற்று, பிப்ரவரி 20, 21.

அண்ணன்,
இளவழகன்


நெய்வேலி
14.3.2016

அன்புள்ள தாமரைக்கு,

நீ நல்லபடி ஊர் போய்ச் சேர்ந்தது தெரிந்தது. இங்கே அனைவரும் சுகம். அபிக்கு நாளை பரீட்சை ஆரம்பம்.

துரைராஜிடம் முன்னாலேயே சொல்வேன் என்று எழுதினேன். சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் போனேன். கடைசியில் கூடத்தில் அவன் ஒரு வீட்டைத் தொட, அம்மாவின் குரல் "எம் பேரு மாணிக்கம்மா. எம் மவன் இளவழகன் மைன்ஸ்ல பர்மனென்ட்" என்று சொன்னதை நீயும் பார்த்தாய். அவன் கையை எடுத்துக்கொண்டு, அப்பாவைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே போனதையும் பார்த்தாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

பஸ்ஸில் எப்போதும் எனக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைப்பான். மறுநாள் முன் சீட்டுக்குப் போய்விட்டான். மூன்று வாரம் பேச்சில்லை. அவன் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். ஷிப்டில் எல்லோருக்கும் கையில் பத்திரிகை கொடுத்தான். எனக்குத் தபாலில் வந்தது. அவன் பிளாக்குக்கும் நம் பிளாக்குக்கும் ஒரு ரோடுதான் நடுவில். உன் அண்ணி பிரபா உறையைப் பார்த்தாள், பிரிக்காமல் அலமாரியில் வைத்தாள்.

நேற்று முதல் ஷிப்ட். ஏறியதும் அவன் முன் சீட்டிலிருந்து திரும்பி, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்: "உந் தங்கச்சி தச்ச படத்துல எங்க வூட்டுக் கெணறு தப்பான எடத்துல இருக்கு. அவ்ளோ செலவு பண்ணிக் கெணத்த மாத்தி வச்சிருக்கீங்க."

இவ்வளவு நாள் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. எனக்கு அப்படி ஒரு எரிச்சல் வந்தது. நானும் பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

"கெணறு எங்க இருந்துதுன்னு எங்களுக்கு எப்பிடிப்பா தெரியும்? கிட்ட வுட்டீங்களா?"

பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. கொஞ்ச தூரம் போன பிறகு துரைராஜ் மெதுவாகக் கேட்டான்.

"அப்ப நீங்க எங்கதான் தண்ணி எடுத்தீங்க?"

"ஓடையில ஊத்துத் தோண்டி."

"கோடையிலயும்?"

"கோடையிலயும்."

அவன் சுரங்க வாசலில் இறங்கிப் போய்விட்டான். வெட்கப்பட்டுக் கேட்டானா, வாய்க்கு வந்ததைக் கேட்டானா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நாற்பத்தாறு வயதில், முதல் தடவையாக அவனுக்கு அந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. அதை நினைக்க நினைக்க ஷிப்ட் முழுவதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவன் ஓர் ஓரம், நான் ஓர் ஓரம்.

கல்யாணத்துக்குப் போவதா என்று பிரபா கேட்டாள். தெரியவில்லை என்றேன். அம்மா மட்டும் போக வேண்டும் என்கிறாள், ஜெயராமனைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்க வேண்டுமாம். என்ன கேள்வி என்று சொல்ல மாட்டேன் என்கிறாள்.

இதை எழுத உட்கார்ந்தது வேறு ஒரு காரணத்துக்காக. அம்மாவிடம் விசாரித்துவிட்டேன். துரைராஜ் சொன்னது சரி, கிணற்றை நீ தப்பாகத்தான் தைத்திருக்கிறாய். கோயிலுக்கு மேற்கே நான்கு விரல் தள்ளி வை. ஊற்றை நீ தைக்கவே இல்லை, யாரும் உனக்குச் சொல்லவும் இல்லை. அது நம் தெருவுக்கும் தெற்கே, ஓடை வளைகிற இடம், துணியின் கடைசி விளிம்பு வரும். துணி போதவில்லை என்றால் ஒட்டுப் போடு.

இரண்டையும் அளந்து சரியாகப் போடு. நடுவில் எத்தனை தூரம் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். அம்மா குடத்தோடு நடந்த தூரம் அது.

இருமலைக் கவனித்துக்கொள்.

அண்ணன்,
க. இளவழகன்